கரும்புக்கு ஆர்வி, ஹெம்ப்புக்கு டிஎச்சி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து டோங்காட்டுக்கு மேற்கே கரும்பு போட்டிருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். விதை வியாபாரி ஒருவர் கொடுத்த சோதனைச் சான்றிதழ். ஐரோப்பாவிலிருந்து வரும் ஹெம்ப் ரகம். நடுவில் தடித்த எழுத்தில் "டிஎச்சி: 0.03%". கஞ்சாவில் போதை தரும் பொருள் அது. படத்துக்குக் கீழே அவன் கேள்வி: "அண்ணே, கரும்புல சக்கரை கூடினா காசு. இதுல என்னமோ கூடினா போலீஸ் வருமாமே. இந்தத் தாளை நம்பலாமா?"

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்த்ததெல்லாம் சர்க்கரை ஆலை ஆய்வகத்தில். நேட்டால் கடற்கரையில் கரும்பு போடுகிறவனுக்கு ஆய்வகம் புதிதும் இல்லை. லாரி ஆலைக்குள் நுழைந்ததும் மாதிரி எடுப்பார்கள். சுக்ரோஸ் எவ்வளவு என்று பார்த்து, சர்க்கரையாக மாறாத கரைபொருளுக்கும் நாருக்கும் ஒரு கழிவு போட்டு, மிச்சத்தை ஆர்வி என்று எழுதுவார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் காசு. எடை மேடையைத் திட்டுவதை விட ஆய்வகத்தைத்தான் எங்கள் ஆட்கள் அதிகம் திட்டுவார்கள். மழைக்கு மறுநாள் வெட்டினால் ஒரு எண், வெட்டி மூன்று நாள் வயலில் கிடந்தால் இன்னொரு எண் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஹெம்ப்பும் அப்படித்தான். ஆனால் கரும்பில் எண் சரிந்தால் பணம்தான் குறையும். ஹெம்ப்பில் எண் கோட்டைத் தாண்டினால் வயலில் நிற்பது வேறு பயிர் ஆகிவிடும், சட்டத்தின் கண்ணில்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழ்ப் பத்திரிகைகள் ஹெம்ப்பைச் "சணல்" என்று எழுதிவிடுகின்றன. சாக்கு தைக்கிற சணல் வேறு செடி. பசுந்தாள் உரத்துக்குப் போடும் சணப்பு இன்னொரு செடி. இரண்டுக்கும் இதற்கும் உறவே கிடையாது. ஹெம்ப் என்பது கஞ்சாச் செடியேதான். இங்கே டாகா என்றும், ஜூலுக்காரர்கள் இன்சாங்கு என்றும் சொல்வது எதுவோ, அதே இனம். நாருக்காகவும் விதைக்காகவும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த ரகங்களை ஹெம்ப் என்கிறோம், போதைக்காகப் பொறுக்கியதைக் கஞ்சா என்கிறோம். இலையைப் பார்த்துப் பிரித்துச் சொல்கிறேன் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்தச் செடியும் நாமும் இந்த மண்ணில் பழைய கூட்டாளிகள். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மெட்ராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைக்கு வந்தது. பத்தே ஆண்டில், 1870இல், நேட்டால் அரசு ஒரு சட்டம் போட்டது: ஒப்பந்தக் கூலிகள் இந்தச் செடியைப் புகைக்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது, அவர்களுக்கு யாரும் விற்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. கஞ்சா குடித்த கூலி மறுநாள் கரும்பு வெட்ட வரமாட்டான் என்பதுதான் தோட்ட முதலாளிகளின் கவலை. நாடு முழுவதற்குமான தடை 1920களில் வந்தது. 2018 செப்டம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், வயது வந்தவர் தனியிடத்தில் தன் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துவது குற்றமல்ல என்றது. 2021 அக்டோபரில் ஹெம்ப்பை விவசாயப் பயிராக அறிவித்து உரிமம் கொடுக்கத் தொடங்கினார்கள். அப்போது போட்ட கோடு: இலையிலும் பூங்கொத்திலும் டிஎச்சி 0.2 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. ஒரு கிராம் காய்ந்த பூவில் இரண்டு மில்லிகிராம்.

அந்த இரண்டு மில்லிகிராம் எங்கிருந்து வருகிறது?

பெண் செடியின் பூவையும் அதைச் சுற்றிய சிற்றிலையையும் பூதக்கண்ணாடியில் பார்த்தால், குண்டூசி மாதிரி தலை தூக்கி நிற்கும் நுண்ணிய சுரப்பிகள் தெரியும். பிசின் அந்தத் தலைகளில்தான் ஊறுகிறது. தண்டிலும் வேரிலும் அநேகமாக ஒன்றும் இல்லை, விதைக்குள்ளும் இல்லை. சுரப்பிக்குள் செடி முதலில் சமைப்பது சிபிஜி அமிலம் என்ற ஒரு தாய்ப்பொருளை. அந்த ஒரே மாவிலிருந்து எந்தப் பலகாரம் சுடுவது என்பதை நொதிகள் முடிவு செய்கின்றன. ஒரு நொதி அதை டிஎச்சி அமிலமாக்கும், இன்னொன்று போதை தராத சிபிடியின் அமிலமாக்கும். இரண்டு நொதிகளும் உடன்பிறப்புகள்; அமினோ அமில வரிசையில் 84 விழுக்காடு ஒன்றுபோலவே இருக்கும். அவை செய்து கொடுக்கும் பொருள்களும் அப்படியே. டிஎச்சியிலும் சிபிடியிலும் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன், எடையும் ஒன்று. ஒரு வளையம் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். அந்த ஒரு வளையத்துக்காகத்தான் இத்தனை சட்டமும்.

போதைக் கஞ்சாவில் முதல் நொதி வேலை செய்கிறது, ஹெம்ப்பில் இரண்டாவது. இரண்டும் கலந்த செடியில் இரண்டு பொருளும் ஏறக்குறையச் சம அளவில் ஊறும். இரண்டுமே பழுதாகிப்போன ரகங்களும் உண்டு. பிரான்சின் சாந்திக்கா ரகங்களில் தாய்ப்பொருள் அப்படியே தேங்கி நிற்பதால் சிபிஜிதான் மிகுதி, டிஎச்சி பேருக்குத்தான். எல்லையைப் பற்றி அதிகம் பயப்படுகிறவர்கள் இப்படிப்பட்ட ரகத்தைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது.

விதை விற்பவர்கள் அவ்வளவாகப் பேசாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. சிபிடி செய்யும் நொதி அவ்வளவு சுத்தக்காரன் இல்லை. நூறு சுட்டால் நாலைந்து தப்பாகச் சுடும். அந்தத் தப்புதான் டிஎச்சி அமிலம். அதனால் ஹெம்ப் ரகங்களில் சிபிடிக்கும் டிஎச்சிக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் 20க்கு 1 முதல் 30க்கு 1 வரைக்குள் நிற்கும். 25க்கு 1 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். சிபிடி 5 விழுக்காடு தொட்டால் டிஎச்சி 0.2 தொட்டுவிடும். சிபிடி 8 ஆனால் டிஎச்சி 0.32. எனவே "சிபிடி பத்துக்கு மேல், டிஎச்சி 0.2க்குள்" என்று யாராவது விதை விற்றால், ஒன்று அவரிடம் அதிசயம் இருக்கிறது, அல்லது அவர் பூ முற்றுவதற்கு முன்பே மாதிரி வெட்டியிருக்கிறார். சிபிடி எண்ணெய்க்காகப் பயிர் போட நினைப்பவர்களுக்கு 2021இல் போட்ட 0.2 என்ற கோடு விஷக் கோடு. நாருக்கும் விதைக்கும் போடுகிறவர்களுக்கு அவ்வளவு உறுத்தாது.

கோடு எப்படி வந்தது என்பதும் சுவையான கதை. கனடாவின் எர்னஸ்ட் ஸ்மால், அமெரிக்காவின் ஆர்தர் கிரான்கிஸ்ட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் 1976இல் இந்தச் செடியை வகைப்படுத்த எங்காவது ஒரு கோடு வேண்டும் என்று 0.3 விழுக்காட்டில் போட்டார்கள். ஒட்டாவாவில் வளர்த்த செடிகளின் இளம் மேலிலைகளில் எடுத்த அளவு அது. வசதிக்காகப் போட்ட கோடு என்று அவர்களே எழுதினார்கள். வகைப்பாட்டுக்குப் போட்ட கோட்டைச் சட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பா 0.3 வைத்திருந்தது, 2001இல் 0.2 ஆக்கியது, 2023இல் மறுபடி 0.3க்குப் போனது. அமெரிக்கா 2018இல் 0.3 என்றது. சுவிட்சர்லாந்தில் 1. செடி எங்கும் போகவில்லை, கோடுதான் நடந்துகொண்டிருக்கிறது.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். உண்மையில் ஆய்வகத்துக்கு முன்னால் வயலுக்கு. தவறுகளில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

பிசின் பூவில் இருப்பதால், எங்கே வெட்டுகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. ஐரோப்பிய முறைப்படி, பெண் பூங்கொத்து உள்ள நுனியிலிருந்து 30 சென்டிமீட்டர் வெட்ட வேண்டும். ஒரு வயலுக்கு 50 செடி, ஓரத்துச் செடிகளை விட்டுவிட்டு. இன்னும் கீழே இறக்கி வெட்டினால் தண்டு கூடும், எண் குறையும். வெறும் பூவை மட்டும் கிள்ளினால் எண் ஏறும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தாளிலும் எண் வேறு. நாளும் முக்கியம். பூத்ததும் குறைவாக இருக்கும், முற்ற முற்ற ஏறும். ஒரு வாரம் மழையில் ஆய்வாளர் வராமல் போனாலே வயல் கோட்டைத் தாண்டிவிடலாம்.

அந்த 50 செடியில் ஒன்று கெட்டது என்று வையுங்கள். மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும் செடி இது. எங்கள் குவாசூலு நேட்டால் மாகாணத்தில் எந்த மலைச்சரிவில் யார் என்ன வளர்க்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? விதையைக் காசு கொடுத்து வாங்காமல் போன வருட விளைச்சலிலிருந்தே எடுத்து விதைத்தால், எங்கிருந்தோ வந்த டாகா மகரந்தத்தில் பிறந்த கலப்புச் செடி ஒன்று நடுவில் நிற்கும். 49 செடியில் 0.12 விழுக்காடு, அந்த ஒன்றில் 5 விழுக்காடு. சமமாகக் கலந்து அரைத்தால் சராசரி 0.2176. ஒரு செடியால் மொத்த வயலும் போச்சு. நெல்லில் களை கலந்தால் பொறுக்கலாம், இதைக் கண்ணால் பொறுக்க முடியாது.

வெட்டியதை உலர்த்த வேண்டும். டர்பன் பிப்ரவரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஈரத்தில் அப்பளமே வதங்கும் ஊர். பிளாஸ்டிக் பையில் கட்டி பக்கி வண்டியின் பின்தட்டில் போட்டால் சாயங்காலத்துக்குள் பூஞ்சை. அதிகச் சூடு காட்டினாலும் ஆகாது, உள்ளே இருப்பது மாறும். ஐரோப்பிய முறையில் 70 டிகிரிக்குக் கீழேயே உலர்த்தச் சொல்வது அதனால்தான். எண்ணைக் காய்ந்த எடைக்குச் சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். மாதிரியில் 10 விழுக்காடு ஈரம் இருக்கும்போது 0.18 என்று வந்தால், ஈரம் போக அது 0.20. கரும்புக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

பிறகு இடித்து, சலித்து, கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி இயந்திரத்தில் விடுகிறார்கள். இரண்டு இயந்திரம் வழக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவில்தான் என் தம்பியின் தாள் மாட்டிக்கொண்டிருந்தது.

உயிருள்ள செடியில் டிஎச்சி என்பது அநேகமாகக் கிடையாது. இருப்பது டிஎச்சி அமிலம், அதில் போதை இல்லை. சூடு பட்டால் அந்த அமிலம் கார்பன் டை ஆக்சைடை விட்டு டிஎச்சியாகிறது. பீடியில் நெருப்பு செய்யும் வேலை அதுதான். பச்சை இலையை அப்படியே மென்றால் பெரிதாக ஏறாது என்று பழைய தோட்டத்து ஆட்கள் சொல்வதன் பின்னால் உள்ள வேதியியலும் அதுவே.

ஜிசி எனப்படும் வாயு குரோமட்டோகிராஃபில் மாதிரி நுழையும் வாயே கொதிக்கும் சூடு. நுழைந்த கணத்தில் அமிலம் டிஎச்சியாகிவிடும். எனவே ஜிசி காட்டும் டிஎச்சி என்பது இருந்ததும் சூட்டில் பிறந்ததும் சேர்ந்த மொத்தம். எச்பிஎல்சி எனப்படும் திரவ முறையில் சூடு இல்லை. இயந்திரம் வரையும் கோட்டுப் படத்தில் அமிலம் ஒரு சிகரமாகவும் டிஎச்சி தனிச் சிகரமாகவும் வரும். அப்போது கூட்டுவது நம் வேலை. நேராகக் கூட்டவும் கூடாது. அமிலத்தின் மூலக்கூறு எடை 358.5, கார்பன் டை ஆக்சைடு போனபின் 314.5. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.877. ஆகவே மொத்த டிஎச்சி என்பது டிஎச்சியோடு, அமிலத்தின் 0.877 பங்கைச் சேர்த்தது.

ஒரு மாதிரியில் டிஎச்சி 0.02, அமிலம் 0.22 என்று எச்பிஎல்சி சொல்கிறது. டிஎச்சியை மட்டும் எழுதுகிறவர் 0.02 என்று எழுதி மாலை போட்டுக்கொள்வார். சரியாகக் கணக்குப் போடுகிறவருக்கு 0.21, கோட்டுக்கு வெளியே. ஒரே பூ, ஒரே இயந்திரம், ஒரே நாள். ஜிசியிலும் ஒரு கோளாறு உண்டு. வாயில் அமிலம் முழுவதும் மாறாமல் போகலாம், சில சமயம் சிதைந்தும் போகலாம். அப்போது எண் உண்மையை விடக் குறையும். என் விருப்பம் எச்பிஎல்சிதான். எத்தனை அமிலம், எத்தனை டிஎச்சி என்று தனித்தனியாகத் தாளில் இருந்தால் யாரும் மறுபடி கணக்குப் பார்க்கலாம்.

பழைய காலத்தில் இந்த வசதியெல்லாம் கிடையாது, நிறம் பார்த்துத்தான் தீர்ப்பு. 1911இல் கார்ட்டூமில் வில்லியம் பீம் என்பவர் ஒரு சோதனை கண்டுபிடித்தார்: சாராயத்தில் கரைத்த காரத்தைச் சாற்றில் விட்டால் ஊதா நிறம் வரும், வந்தால் கஞ்சா. பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது, அந்த ஊதா நிறத்தைக் கொடுப்பது டிஎச்சி அல்ல, சிபிடி வகை என்று. போதையே இல்லாத ஹெம்ப் பளிச்சென்று ஊதாவாகும். சிபிடி இல்லாத கடும் போதைச் செடி ஒன்றும் காட்டாமல் நழுவிவிடும். பின்னால் வந்த டூக்னுவா சோதனையும் ஹெம்ப்பையும் டாகாவையும் பிரிக்காது, இரண்டுக்கும் ஊதாதான். ஹெம்ப்பை லாரியில் ஏற்றிப் போகிறவன் உரிமத்தின் நகலைக் கையில் வைத்திருப்பது நல்லது.

வேதியியலாளர்கள் போதைப் பொருளையே நெடுநாள் தவறாகப் பிடித்திருந்தார்கள். 1890களில் கேம்பிரிட்ஜில் பிரித்தெடுத்தது சிபிஎன். அது டிஎச்சி நாளாகி, காற்றுப் பட்டு உருமாறிய மிச்சம். உண்மையான ஆளை, டிஎச்சியைச் சுத்தமாகப் பிரித்து வடிவம் சொன்னது 1964இல் இஸ்ரேலின் கவோனியும் மெக்கூலமும். இன்றும் சோதனையில் சிபிஎன் நிறைய வந்தால் சரக்கு பழசு, அல்லது வெயிலில் கிடந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

எண்ணுக்குள் வராத பொருள்களும் இந்தச் செடியில் ஏராளம். வாசனையை எடுத்துக்கொள்ளுங்கள். மிர்சீன் மாங்காயிலும் இருப்பது, லிமோனீன் எலுமிச்சைத் தோலில். கேரியோஃபிலீன் மிளகு, கிராம்பு, கறிவேப்பிலை மூன்றிலும் இருக்கிறது. தாளிக்கும்போது எழும் வாசனையில் அதற்கும் பங்கு உண்டு. ஆக, ஹெம்ப் வயல் ஓரமாகப் போகிறவனுக்கு சமையலறை நினைவு வந்தால் அது மனப்பிரமை அல்ல. உலர்த்தும்போது முதலில் பறந்துபோவதும் இவைதான். கேன்ஃபிளாவின் என்ற நிறமி வகைப் பொருள்களை 1980களில் லண்டனில் பிரித்தார்கள். மருந்து நிறுவனங்களுக்கு அவற்றின் மேல் ஒரு கண் உண்டு. ஆனால் அளவு மிகச் சொற்பம். அதை நம்பி இங்கே யாரும் நிலத்தை உழ வேண்டாம்.

உலகம் டர்பன் பாய்சன் என்று கொண்டாடுவது நம் மாகாணத்து நாட்டுக் கஞ்சா ரகம். தெற்கு ஆப்பிரிக்க நாட்டு ரகங்களில் டிஎச்சியோடு டிஎச்சிவி என்ற உறவுக்காரப் பொருளும் காணப்படுகிறது. டிஎச்சியின் வாலில் ஐந்து கார்பன், இதில் மூன்று. மொத்த டிஎச்சி கணக்கு மேலே சொன்ன இரண்டு பொருளை மட்டும்தான் கூட்டுகிறது, டிஎச்சிவி அதில் வரவே வராது. சட்டம் ஒரு பொருளின் பெயரைச் சொல்லித் தேடுகிறது, செடியோ அப்படி எழுதிவைத்துக்கொண்டு சமைப்பதில்லை.

வாங்கும் ரகம் இங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பது அடுத்தது. ஃபியூச்சுரா, ஃபெலினா போன்ற ஐரோப்பிய நார் ரகங்கள் கோடையில் 16 மணி நேரப் பகலில் நெடுநெடுவென்று வளர்ந்து, பகல் குறையும்போது பூக்கும். டர்பனில் மிக நீண்ட பகலே சுமார் 14 மணி நேரம். அதனால் முழங்கால் உயரம் தாண்டுவதற்குள் செடி பூக்க நினைக்கும். நார் குறையும், பூவின் பங்கு கூடும், அத்தோடு எண்ணும் மாறும். பிரான்சில் எடுத்த 0.03 இங்கேயும் 0.03 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வேளாண் ஆராய்ச்சி மன்றம் 1990களிலேயே ருஸ்டன்பர்க்கில் ஹெம்ப் போட்டுப் பார்க்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

விதைக்காகப் போட்டால் தலைவலி குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விதையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், கால் பங்கு புரதம், நல்ல சத்து. விதைக்குள் டிஎச்சி இல்லை, ஆனால் தோலில் பூவின் பிசின் ஒட்டிக்கொள்ளும். 2020இல் வந்த மருந்து அட்டவணை விதிப்படி, பதப்படுத்திய பொருளில் டிஎச்சி 0.001 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். கிலோவுக்கு 10 மில்லிகிராம். 2021இல் வயலுக்கு வைத்த எல்லையை விட இருநூறு மடங்கு இறுக்கம். சரியாகக் கழுவாமல் ஆட்டிய எண்ணெய் அங்கே தோற்கும். 2025 மார்ச்சில் ஹெம்ப் உணவு விற்கவே தடை என்று ஓர் அரசிதழ் அறிவிப்பு வந்து, கூச்சல் எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. வேதியியல் நிலையாக நின்றாலும் பிரிட்டோரியாவில் இருக்கும் அரசு அப்படி நிற்பதில்லை.

தம்பியிடம் சொன்னேன்: அந்த 0.03 எந்த இயந்திரத்தில் எடுத்தது, அமிலத்தைச் சேர்த்ததா, காய்ந்த எடைக்கா என்று வியாபாரியிடமே எழுதிக் கேள். கேட்டான். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. எச்பிஎல்சி, காய்ந்த எடைக்கு. டிஎச்சி 0.03, டிஎச்சி அமிலம் 0.19.

போனில் கணக்குப் போட்டோம். 0.19ஐ 0.877ஆல் பெருக்கினால் 0.167. அதோடு 0.03. மொத்தம் 0.197.

"உள்ளதான் இருக்கு அண்ணே" என்றான்.

"பூத்து எத்தனாவது நாள் வெட்டினதாம்?"

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. அது எழுதியிருக்கவில்லை. மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறான். மேட்டு நிலத்தில் இந்தப் பருவமும் கரும்புதான்.